காலடிக்கு ஒரு விளக்கு

வகுப்பறையில் கரும்பலகையில் மகிழுந்து என்று எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் காரை எடு என்று சொல்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். அந்தக் காரின் முன்மூடியைத் திறந்தால் எது எஞ்சின், எது பேட்டரி என்பதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. இருபது ஆண்டுகளாகத் தமிழ் பயிற்றுவித்துவரும் ஒருவனுக்கு அதற்குமேல் தெரியவேண்டிய தேவையும் இருந்ததில்லை. 2023 சித்திரையில் அந்தத் தேவை வந்தது.

உறவினர் வீட்டுத் திருமண வரவேற்புக்குப் போய்விட்டு, இரவு பத்து மணிவாக்கில் விழுப்புரத்தில் எங்கள் தெருவுக்குத் திரும்பினோம். தெருவிளக்கு எரியவில்லை. பின்னிருக்கையிலிருந்து இறங்கிய அப்பா, கதவடி விளிம்பில் கால் தடுக்கி முன்பக்கமாக விழுந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு, மூக்குக்கண்ணாடியில் ஒரு விரிசல், அவ்வளவுதான். ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர், நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்துவதையே இழுக்காக நினைத்தவர், தெருவில் கையூன்றிக் கிடந்ததை எதிர்வீட்டார் பார்த்துவிட்டார்கள். சிராய்ப்பைவிட அதுதான் அவருக்கு எரிந்தது. மறுநாளிலிருந்து நான் கை நீட்டினால் தட்டிவிட்டார். "விடுப்பா, எனக்கு இறங்கத் தெரியும்."

அப்பாவுக்குக் கண் அழுத்த நோய். பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சிதைகிற நோய் அது. பெரும்பாலும் நடுப்பார்வையை விட்டுவிட்டு ஓரங்களிலிருந்து தின்னத் தொடங்கும். செய்தித்தாளின் எழுத்து தெரியும், காலுக்குக் கீழே இருக்கும் படி தெரியாது. போன பார்வை திரும்பி வராது. இருப்பதைக் காக்கச் சொட்டு மருந்து உண்டு. மங்கலான வெளிச்சத்தில் இந்நோயாளிகள் படும் பாடு அதிகம்.

காருக்குள் கூரைவிளக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓர் இரவு நானே பின்னிருக்கையில் உட்கார்ந்து இறங்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. கூரைவிளக்கு நம் தலையில் ஒளியைக் கொட்டுகிறது. குனிந்து காலை வெளியே வைக்கும்போது நம் உடம்பின் நிழலே பாதத்தில் விழுந்து மறைத்துவிடுகிறது. இத்தனை ஆண்டுகள் ஏறி இறங்கியும் இது என் கண்ணில் பட்டதில்லை. வெளிச்சம் தலைக்கு மேலே இருந்து பயனில்லை, காலடியில் இருக்க வேண்டும்.

சென்னைக்கு விடைத்தாள் திருத்தப் போனபோது ரிச்சி தெருவில் எல்.இ.டி. பட்டை ஒரு சுருள் வாங்கினேன். ஐந்து மீட்டர் நீளம், மீட்டருக்கு 60 விளக்குகள். ஒளியுமிழ் இருமுனையம் என்று அதற்குத் தமிழ் உண்டு. கடைக்காரரிடம் அதைச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. நீலம் பாரித்த வெள்ளையை அவர் எடுத்துக் காட்டினார். வயதான கண்ணுக்கு அது கூசும் என்று மஞ்சள் கலந்த வெள்ளையைக் கேட்டேன். உண்மையில் இரண்டுக்கும் தாய் ஒன்றுதான். நீல ஒளி தரும் சில்லின்மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சைப் பூசித்தான் வெள்ளை ஒளியைப் பெறுகிறார்கள். அந்த நீலத்தைக் கண்டடைந்ததற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

பட்டையின் இலக்கணம் எனக்குப் பிடித்துப்போயிற்று. மூன்று மூன்று விளக்குகளாகத் தொகுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு விளக்கும் ஏறத்தாழ மூன்று வோல்ட் எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டில் எஞ்சியதை மின்தடை தாங்கும். ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் செம்புப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டில்தான் கத்தரிக்க வேண்டும். சீர் முடியும் இடத்தில் பிரித்தால் ஓசை கெடாது. நடுவில் வெட்டினால் தளை தட்டுவது மட்டுமன்று, அந்தத் தொகுதியே எரியாது.

ஒரு ஞாயிறு காலை வேலையைத் தொடங்கினேன். முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும் என்று படித்திருந்தேன். நேர்முனையை முதலில் கழற்றப்போனால், ஸ்பேனர் தவறிக் காரின் உடலைத் தொட்ட கணமே தீப்பொறி பறக்கும். ஏனெனில் காரின் இரும்புடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்தது. பிறகு ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே மல்லாந்து, தலையை பிரேக் பெடலுக்கு அருகே நுழைத்துக்கொண்டு ஃபியூஸ் பெட்டியைத் தேடினேன். படுக்கவும் இடமில்லை, உட்காரவும் இடமில்லை.

அப்போது திருக்கோவலூர் இடைகழி நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்துக் கதை. மழையிரவில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்கிற அந்த நெருக்கடியில் முதலாழ்வார் மூவரும் நின்றார்கள். நான்காவதாக ஒருவர் வந்து நெருக்குவதை உணர்ந்தார்கள். பொய்கையார் உலகையே அகலாக்கி ஒரு விளக்கேற்றினார், பூதத்தார் அன்பை அகலாக்கி இன்னொன்று ஏற்றினார். அதன்பிறகே பேயாழ்வார் கண்டார். "ஒன்று போதாதா? எதற்கு இரண்டு விளக்கு?" என்று அப்பா வகுப்பில் கேட்பாராம். யார் என்ன விடை சொன்னாலும் "இன்னும் யோசி" என்பாராம். வீட்டிலும் என்னிடம் கேட்டிருக்கிறார். நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

தொடக்கக்காரனின் பேராசை எனக்கும் இருந்தது. முன்னும் பின்னும், இருக்கைகளுக்கு அடியிலுமாக இரண்டு மீட்டர் ஒட்டினேன். எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒரு ஃபியூஸிலிருந்து இணைப்பெடுத்து, இடையில் ஒரு சிறிய சுவிட்ச் வைத்தேன். அன்று மாலை கார் கலியாண வீடுபோல இருந்தது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

நான்காம் நாள் காலை, அப்பாவுக்குக் கண் பரிசோதனை. வேட்டி சட்டையோடு, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பின்னிருக்கையில் உட்கார்ந்துவிட்டார். சாவியைத் திருப்பினேன். டக் டக் என்ற சத்தம் மட்டுமே வந்தது. முந்தின இரவு சுவிட்சை அணைக்க மறந்திருக்கிறேன். மீட்டருக்கு 14 வாட் என்றால் இரண்டு மீட்டருக்கு இரண்டரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. ஒன்பது மணி நேரத்தில் இருபது ஆம்பியர் மணிக்கு மேல் போயிருக்கும். 35 ஆம்பியர் மணி கொண்ட பழைய பேட்டரிக்கு அது போதும். ஆட்டோ பிடித்தோம். பாதி வழியில் அப்பா சொன்னார்: "வாசல் விளக்கை அணைச்சியான்னு உங்க அம்மா தினமும் கேப்பா." அம்மா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் என்னைக் கடிந்துகொண்டாரா, அம்மாவை நினைத்துக்கொண்டாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பேட்டரிக்கு உயிர்கொடுக்க வந்த எலக்ட்ரீஷியன் பையன் என் வேலைப்பாட்டைப் பார்த்துச் சிரித்தான். "சார், சுவிட்ச் எதுக்கு? கதவுலயே இருக்கே!" பழைய கார்களில் கூரைவிளக்குக்கு நேர்முனை எப்போதும் இருக்கும். கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் உள்ள பொத்தான் வெளியே வந்து எதிர்முனையை இணைக்கும். பட்டையின் எதிர்முனைக் கம்பியை அந்தப் பொத்தானின் கம்பியோடு சேர்த்துவிட்டால், கதவு திறக்கையில் எரியும், மூடுகையில் அணையும். நினைவாற்றலுக்கு வேலையே இல்லை. "புதுக் கார்ல இதைச் செஞ்சிடாதீங்க சார், அதுல எல்லாம் கம்ப்யூட்டர்" என்று எச்சரித்தான். கதவோரத் தூண்களில் காற்றுப்பை உள்ள வண்டியில் அதன்மேல் கம்பி ஓட்டக்கூடாது என்பதையும் அவன்தான் சொன்னான்.

அடுத்த ஞாயிறு முழுவதையும் பிரித்தேன். எழுதியதை வெட்டிச் சுருக்கும்போது வரும் நிம்மதி அதில் இருந்தது. இரண்டு மீட்டர் அறுபது சென்டிமீட்டர் ஆயிற்று: முன்னிருக்கைகளின் பின்விளிம்புக்கு அடியில் ஆளுக்கு முப்பது. மொத்தம் முக்கால் ஆம்பியருக்குள். மூன்று ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை இணைப்பு தொடங்கும் இடத்திலேயே வைத்தேன். கம்பி உரசி எங்காவது இரும்பைத் தொட்டால் முதலில் அது போகட்டும், கார் எரிய வேண்டாம். இருக்கை முன்னும் பின்னும் நகரும் தடத்தில் கம்பி சிக்காதபடி தரைவிரிப்புக்குக் கீழே ஓட்டினேன். பட்டையின் பின்பசை அக்கினி நட்சத்திர வெயிலில் இளகி விழுந்திருந்தது. ஒட்டுமிடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து ஒட்டி, போதாததற்குப் பிளாஸ்டிக் பட்டி கொண்டு கட்டியும் வைத்தேன். ஓடும்போது எரியாததில் இன்னொரு நன்மை உண்டு. உள்ளே வெளிச்சம் இருந்தால் முன்கண்ணாடியில் அது பிரதிபலித்து இரவுச் சாலையை மறைக்கும்.

அன்றிரவு கோயிலுக்குப் போய்த் திரும்பினோம். அப்பா கதவைத் திறந்தார். இளமஞ்சள் ஒளி அவர் பாதங்களில் விழுந்தது. ஒரு கணம் தலையை நன்றாகக் குனிந்து தன் கால்களையே பார்த்தபடி இருந்தார். பிறகு வலக்காலைத் தூக்கி, விளிம்பைத் தாண்டி, தரையில் வைத்தார். பழக்கத்தில் நீண்ட என் கையை நானே பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். "நல்லா இருக்கு" என்றார். அவர் என் எம்.ஏ. மதிப்பெண் பட்டியலைப் பார்த்தபோதும் இந்த இரண்டு சொற்களைத்தான் சொன்னார்.

ஒன்றரை ஆண்டுகள் அந்த விளக்கு அவரை இறக்கிவிட்டது.

2024 மார்கழியில் ஒரு விடியற்காலை, வாசலில் காரை நிறுத்தி அவர் பக்கம் போய்க் கதவைத் திறந்தேன். அப்பா குனிந்தார். குனிந்தபடியே வெகுநேரம் இருந்தார். "ஏம்பா, விளக்கு எரியலையா?"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவருடைய செருப்பின் வார்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"ஃபியூஸ் போயிருக்கும்பா. நாளைக்குப் பாக்கறேன். கையைக் குடுங்க" என்றேன்.

நம்பினாரா என்று தெரியாது. முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்களின் பொய்களைக் கேட்டவர். ஒன்றும் சொல்லாமல் கையைக் கொடுத்தார். இரண்டாவது விளக்கு எதற்கு என்று அவர் மறுபடி கேட்டால் இப்போது சொல்வதற்கு என்னிடம் ஏதோ இருக்கிறது. அவர் கேட்கவில்லை.

பட்டையை நான் கழற்றவில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் அது எரிகிறது.