புல்லில் கிடக்கும் புனல் வலை



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. எனக்குச் சிலந்திப் படங்களும் வரத் தொடங்கிவிட்டன. மேலகரம் பக்கம் வீடு கட்டியிருக்கும் பழைய மாணவன் ஒருவன், தோட்டத்துப் புல்லில் மெல்லிய வெள்ளைத் துணி விரித்தாற்போல் கிடக்கும் வலையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். நடுவே குழாய்போல ஒரு துளை. "சார், இது ஆஸ்திரேலியாவுல ஆளைக் கொல்ற சிலந்தியாமே, மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்திரவா?" என்று கேள்வி. வாட்ஸ்அப்பில் வந்ததாம். கொளுத்தாதே என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்பதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

சிட்னி புனல்வலைச் சிலந்தி கிழக்கு ஆஸ்திரேலியாவில் வாழ்வது. கொடிய நஞ்சுதான், ஆனாலும் 1981இல் முறிமருந்து வந்தபின் அது கடித்து யாரும் இறந்ததாகப் பதிவில்லை. நம் புல்தரையில் இருப்பது ஹிப்பாசா. ஓநாய்ச் சிலந்திக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை வலை கட்டாமல் ஓடித் திரிந்து இரை பிடிப்பவை. இதுவோ வலையும் கட்டும், ஓடவும் செய்யும். வலையின் உருவம்தான் ஒன்று, ஆள் வேறு. பல்லைப் பார்த்தால் தெரியும். சிட்னிக்காரரின் நச்சுப்பற்கள் இரண்டும் மண்வெட்டிபோல மேலிருந்து கீழே இறங்கும். நம்மவருக்கு நண்டின் கொடுக்குபோல எதிரெதிரே வந்து கவ்வும்.

இந்த வலை ஒட்டாது. பலர் நினைப்பதுபோல் பூச்சி அதில் சிக்கிக்கொள்வதில்லை. சிலந்தி குழாயின் வாயில் காத்திருக்கும். பூச்சி விழுந்ததும் விரிப்பு அதிரும். மறுகணம் பாய்ந்து கடித்து உள்ளே இழுத்துப் போய்விடும். மென்று விழுங்க அதனால் முடியாது. செரிக்கும் நீரை இரைமேல் விட்டு, கரைந்ததை உறிஞ்சிக் குடிக்கும். காலை மடக்கத் தசை உண்டு. நீட்டுவதற்கோ முக்கிய மூட்டுகளில் தசை கிடையாது, உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான் நீட்டுகிறது. செத்த சிலந்தி கால்களைச் சுருட்டிக் கிடப்பது அதனால்தான். (எட்டுக்கால் 'பூச்சி' என்று இன்னும் எழுதுகிறவர்களே, பூச்சிக்கு ஆறு கால்!)

தாய் முட்டைப் பையைப் பின்புறம் ஒட்டிக்கொண்டே திரியும். குஞ்சுகள் பொரிந்ததும் முதுகில் ஏறிக்கொள்ளும். கொளுத்தினால் அத்தனையும் போகும். இதன் உறவுக்காரச் சிலந்திகள்தான் நம் நெல் வயலில் புகையானைத் தின்று தீர்ப்பவை. வயல் வைத்திருப்பவர்கள் மருந்தடிக்கும் முன் இதை யோசியுங்கள்.

பிள்ளைகள் துளைக்குள் விரலை விட வேண்டாம். இராத்திரியில் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் புல்லைப் பார்க்கச் சொல்லுங்கள், சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கண்கள் மின்னும். படம் எடுத்தால் அனுப்புங்கள். கூடவே பெயரும் படித்த வருடமும் போடுங்கள். வெறும் நம்பரை வைத்து எனக்கு ஆள் தெரிவதில்லை.