பத்து வரை எண்ணும் மரம்

காவாந்தண்டலத்தில் சிறு பிள்ளைகளுக்கு எண் சொல்லித் தருகிறவன் என்பதால், எண் கற்பிக்கும் புத்தகங்கள் எங்கே கிடைத்தாலும் புரட்டிப் பார்ப்பேன். பெரும்பாலானவை ஒரே அச்சு. ஒன்றுக்கு ஓர் ஆப்பிள், இரண்டுக்கு இரண்டு பந்து. அந்த ஆப்பிளுக்கு எதுவும் நடப்பதில்லை. பிள்ளையும் மூன்றாம் பக்கத்தில் மூடிவிடுகிறது.

‘ஒன், டூ, ட்ரீ!’ என்ற புத்தகம் அப்படியல்ல. சென்னையின் தாரா பதிப்பகம் 2003இல் வெளியிட்டது. அனுஷ்கா ரவிசங்கரும் சிரீஷ் ராவும் எதுகையோடு எழுதிய வரிகள். படங்கள் துர்காபாய் வரைந்தவை. பக்கம் புரளப் புரள உயிரினங்கள் எண்ணிக்கையிலும் உருவத்திலும் பெருகிக்கொண்டே போய் ஒரே மரத்தில் ஏறுகின்றன. எல்லாருக்கும் இடம் இருக்குமா? அந்தக் கவலையில்தான் பிள்ளை எண்ணுகிறது. எண்ணச் சொல்லி யாரும் அதட்ட வேண்டியதில்லை.

துர்காபாய் மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர். பண்டிகைக்குச் சுவரிலும் தரையிலும் பெண்கள் போடும் ‘திக்னா’ கோலத்தில் பழகிய கை அது. 2022இல் பத்மஸ்ரீ பெற்றார். விலங்கின் உடம்பை அவர் வெறும் வண்ணத்தால் நிரப்புவதில்லை. சிறு கோடுகளும் புள்ளிகளும் நெருக்கமாக ஓடும். அந்தக் கோடுகள் தாளில் எப்படி இறங்குகின்றன என்று பார்க்கத்தான் தென்சென்னையில் உள்ள ஏஎம்எம் ஸ்க்ரீன்ஸ் பட்டறைக்குப் போனேன். தாராவின் கையச்சு நூல்கள் ஆறுமுகம் நடத்தும் இந்தப் பட்டறையில்தான் உருவாகின்றன.

உள்ளே நுழைந்ததும் மை வாசனை. அங்கு அச்சாகும் நூல்களில் பேர்பெற்றது ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’. பஜ்ஜு ஷ்யாம், துர்காபாய், ராம்சிங் உர்வேதி மூவரும் வரைந்த மரங்கள், கறுப்புத் தாளில். பகலெல்லாம் நிழலும் உணவும் தந்து உழைக்கும் மரம், இரவில்தான் தன் உண்மை உருவைக் காட்டும் என்பது கோண்டு மக்களின் நம்பிக்கை.

வேலை இப்படி நடக்கிறது. ஓவியத்தை வண்ணம் வண்ணமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி ஸ்க்ரீன்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி. அதில் ஒளிபட்டால் இறுகும் பூச்சைத் தடவி, அந்த வண்ணத்துக்குரிய படம் கறுப்பாகப் பதிந்த ஃபிலிமை மேலே வைத்து வெளிச்சம் காட்டுகிறார்கள். படத்தின் கறுப்பு மறைத்த இடம் இறுகாமல் தண்ணீரில் கரைந்து போகும். அந்த வழியாகத்தான் மை இறங்கும். ஒருவர் தாளை வைக்கிறார், ஸ்க்ரீன் இறங்குகிறது, ரப்பர் பட்டையால் மையை ஒரே அழுத்தத்தில் இழுக்கிறார். தாளை எடுத்துக் காயப்போடுவது இன்னொருவர். காய்ந்த பிறகே அடுத்த வண்ணம்.

கடினம் அந்த அடுத்த வண்ணத்தில்தான். மயிரிழை விலகினாலும் மானின் புள்ளி மானுக்கு வெளியே விழும். ‘ரிஜிஸ்டர்’ பிடிப்பது என்கிறார்கள் இதை. எங்கள் காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலையின் உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைக்கும் தறிக்காரரின் கண் எப்படியோ, அப்படிப்பட்ட கண் இதற்கு வேண்டும். ஒரு தாளின் ஒரு பக்கத்துக்கு மூன்று வண்ணம், மூவாயிரம் பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள்: அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் 9,000 இழுப்பு. தாளைத் திருப்பினால் இன்னொரு 9,000. கடைசியில் மடித்து, நூலால் தைத்து, ஒவ்வொரு பிரதியிலும் அதன் எண்ணைக் கையால் எழுதுகிறார்கள். எத்தனையாவது பிரதி நம் கையில் இருக்கிறது என்று புத்தகமே சொல்கிறது.

1990களின் நடுவில் தாராவின் ‘தி வெரி ஹங்ரி லயன்’ நூலின் மாதிரியைப் பார்த்துவிட்டு ஒரு கனடா பதிப்பகம் 8,000 பிரதி கேட்டதிலிருந்து வளர்ந்த தொழில் இது. எல்லாம் கையால் அச்சிட்டே கொடுத்தார்கள். அன்றிலிருந்து பெரும்பகுதி கடல் கடந்துதான் போகிறது.

எனக்குள்ள ஆதங்கம் அதுதான். கையால் அச்சிட்ட தாளைத் தடவினால் மை சற்றே மேடாக விரலில் தட்டுப்படும். எண்ணத் தொடங்கும் பிள்ளைக்குக் கண்ணோடு விரலும் வேண்டும். மழமழவென்ற தாள் அதைத் தராது. விலை அதிகம் என்பது உண்மை. எங்கள் ஊரில் எந்தப் பெற்றோராலும் வாங்க முடியாது. ஆனால் ஒரு பள்ளியால் முடியும். மூன்றாம் வகுப்புவரை எழுத்தும் எண்ணும் தடையின்றி வர வேண்டும் என்று 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அட்டைகளும் பயிற்சி நூல்களும் வகுப்புக்கு வந்தன, நல்லதே. அவற்றோடு வகுப்புக்கு ஒரு படநூல், சென்னைத் தொழிலாளிகள் கையால் அச்சிட்டது, தமிழ் எதுகையில், நம் ஊர்க் கீரியும் உடும்பும் நரியும் மரமேறி இடம் தேடுவதாக, ஏன் வரக்கூடாது? ஓவியர் இருக்கிறார், பட்டறையும் இருக்கிறது. கேட்பவர்தான் வேண்டும்.

பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைக்கும் முன்னாள் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த முறை சுவர்க் கடிகாரத்துக்குப் பதில் இப்படியொரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள். கொடுத்ததும், அதை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.