குடியிருப்பவரைப் பற்றி வெளியே சொல்லாதீர்கள்

போர்க்காலத்தில் கொழும்பில் அறை எடுத்துத் தங்கியவர்களுக்கு வீட்டுக்காரரின் இன்னொரு வேலையும் தெரியும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ புதிதாக ஒரு தமிழர் வந்து தங்கினால், பெயர், ஊர், அடையாள அட்டை எண், என்ன அலுவலாக வந்தார் என்பதையெல்லாம் படிவத்தில் நிரப்பிப் பொலிஸில் பதிய வேண்டும். பதிந்திருந்தாலும் இரவில் கதவு தட்டப்படும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியும் முன்பே லொட்ஜுகளில் இருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் தடுத்த பிறகே அது நின்றது. வீட்டுக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. மறைத்தால் அவர்களும் சேர்ந்தே மாட்டுவார்கள்.

அந்தப் பயத்தோடுதான் எங்களில் பலர் ரொறன்ரோவில் முதல் வாடகைப் படிவத்தைக் கையில் வாங்கினோம். எனக்குத் தந்த படிவத்தில் சின் நம்பருக்கு, அதாவது சமூகக் காப்புறுதி எண்ணுக்கு, ஒரு கட்டம் இருந்தது. அகதிக் கோரிக்கையாளரின் சின் நம்பர் 9இல் தொடங்கும். முதல் இலக்கத்தைப் பார்த்தாலே இவர் நிரந்தரமாக இருக்கிறவரா, இன்னும் முடிவுக்குக் காத்திருக்கிறவரா என்று தெரிந்துவிடும். அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த வீட்டுக்காரரும் கட்டாயப்படுத்த முடியாது. அது இல்லாமலே கடன் வரலாறு பார்க்கலாம் என்பது இன்றும் பலருக்குத் தெரியாது.

கனடாவில் தனியார் துறையிடம் உள்ள தனிநபர் விவரங்களைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2000இல் நிறைவேறியது. 2004 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் வீடு வாடகைக்கு விடுபவர்களையும் அது கட்டுப்படுத்துகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா, கியூபெக் மாகாணங்களில் தனிச் சட்டங்கள் உண்டு. கூட்டாட்சிச் சட்டப்படி வாடகைக்குத் தேவையானதை மட்டுமே கேட்கலாம். வாங்கிய விவரத்தை வேறு காரியத்துக்கு எடுப்பதற்கும், வேறொருவருக்குச் சொல்வதற்கும் குடியிருப்பவரின் சம்மதம் வேண்டும். விலக்குகளும் உண்டு. நீதிமன்ற ஆணை வந்தால், பாக்கி வாடகையை அறவிட வேண்டியிருந்தால், உயிருக்கு ஆபத்தென்றால் சொல்லலாம். ஆபத்து வேளையில் சொன்னாலும், சொன்னதை அவருக்குத் தாமதிக்காமல் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை முதன்முதலில் வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது. என்னைப் பற்றி யாருக்கோ சொன்னதை எனக்கும் சொல்ல வேண்டும் என்று ஒரு நாடு எழுதி வைத்திருக்கிறது!

இது ஏட்டளவில் நின்ற சட்டமும் அல்ல. காப்புறுதிக்காக என்று குடியிருப்பவர்களின் சம்மதமில்லாமல் அவர்களுடைய வீடுகளுக்குள் படம் எடுத்த ஒரு நிர்வாக நிறுவனம் பற்றிய முறைப்பாட்டில், அந்தப் படங்களும் தனிநபர் விவரமே என்று தனியுரிமை ஆணையர் அலுவலகம் முடிவு சொன்னது.

இப்போது வீட்டுக்காரர்கள் நாங்கள். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் எங்கள் பேஸ்மென்ட்டுகளில் படிக்க வந்த பிள்ளைகளும் புதிதாக வந்த குடும்பங்களும் இருக்கிறார்கள். ஒரு தமிழ் வீட்டில் நான் இருந்தபோதே தொலைபேசி வந்தது. கலியாணம் விசாரிக்கிறார்கள். “உங்கட கீழ் வீட்டில இருக்கிற பிள்ளை எப்பிடி? ஆர் ஆர் வந்து போகினம்? எத்தனை மணிக்கு வீட்டுக்கு வாறவ?” வீட்டுக்கார அம்மா கூச்சமே இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார், வேலை செய்யும் இடம் உட்பட. அவர் மனதில் அது ஒரு நல்ல காரியத்துக்கான உதவி. அந்தப் பிள்ளைக்கோ, தன் ஒவ்வொரு நாளும் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் கைக்குப் போனது தெரியவே தெரியாது. வாடகை தராமல் போன பெடியனின் கடவுச்சீட்டுப் படம் வாட்ஸப் குழுக்களில் சுற்றியதையும் பார்த்திருக்கிறேன். காசு வரவேண்டுமென்றால் வாடகைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அவனுடைய படத்தை ஊருக்குக் காட்டும் உரிமை யாருக்கும் இல்லை.

பொலிஸ் படிவத்தால் அலைக்கழிந்த ஒரு சமூகம் இதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பேஸ்மென்ட் விடுபவர்களே, யாராவது விசாரித்தால், “அந்தப் பிள்ளையிட்டயே கேளுங்கோ” என்று சொல்லிப் போனை வையுங்கள். குடியிருப்பவர்களே, உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் கூட்டாட்சித் தனியுரிமை ஆணையரிடம் முறைப்பாடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை.