லைனுக்குப் போகிறவருக்கு எந்த சிம்?

புதிதாக லாரியில் நெடுந்தூர லைனுக்குப் போகிற பையன்கள் நாமக்கல்லில் என்னைப் பார்த்தால், முன்பெல்லாம் டயரைப் பற்றிக் கேட்பார்கள், மைலேஜைப் பற்றிக் கேட்பார்கள், எந்த ஊரில் ரிட்டர்ன் லோடு சீக்கிரம் கிடைக்கும் என்று கேட்பார்கள். இப்போது முதலில் கேட்பது, "எந்த சிம் போடலாங்க?" என்றுதான். இதைச் சின்னக் கேள்வி என்று நான் நினைப்பதில்லை. மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் ஓடுகிறவனுக்கு வாடகை போனில்தான் பேசப்படுகிறது, டீசல் பணம் போனில்தான் ஏறுகிறது, பிள்ளையின் முகம் போனில்தான் தெரிகிறது. நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்த லைன்ல ஓடப் போறே, கண்ணு?"

சேலத்திலும் பெங்களூருவிலும் நாக்பூரிலும் எந்த நிறுவனத்தின் சிம்மும் வேலை செய்யும். கடைக்காரர் தன் கடை வாசலில் வேகத்தை அளந்து காட்டித்தான் சிம் விற்பார். நம் வண்டி அந்த வாசலில் நிற்கப் போவதில்லை. நாம் போகிற வழியில் எந்த இடம் மிக மோசமோ, அங்கே எது எடுக்கிறதோ அதுதான் நமக்கான சிம். மற்ற இடங்களில் எதைப் போட்டாலும் ஓடும்.

நாமக்கல் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரியில் தொடங்கி ஸ்ரீநகர் வரை போகிறது. அதில் தொப்பூர் கணவாய் உண்டு. ஆதிலாபாத் பக்கத்துக் காடு உண்டு. நாக்பூர் தாண்டி சிவ்னி போகும்போது பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய காடு உண்டு. மைசூர்ப் பக்கம் போகிறவர்களுக்குத் திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் அந்தக் காட்டு வழியில் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால் பண்ணாரிச் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாக நிற்கும். அப்படி நிற்கிற இடத்தில் போனில் நாலு கோடு காட்டும், ஆனால் ஒரு போட்டோ கூட ஏறாது. அத்தனை பேரும் ஒரே கோபுரத்தை இழுக்கிறோம், அதுதான் காரணம். கோட்டைப் பார்த்து சிக்னலை நம்பக் கூடாது. சரக்குச் சீட்டான பில்டியைப் போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

காட்டிலும் மலையிலும் எது எடுக்கும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அலைவரிசை எண் குறையக் குறைய அலை தூரம் போகும், சுவரையும் மரத்தையும் தாண்டும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் நெடுந்தூரம் எட்டும். 2300, 3300 வேகமானவை. ஆனால் கோபுரத்தை விட்டுக் கொஞ்சம் விலகினாலே மங்கிவிடும். ஜியோவின் 4ஜிக்கு 850 இருக்கிறது. ஏர்டெல்லுக்கு 900 இருக்கிறது. 2025 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பிஎஸ்என்எல்லின் உள்நாட்டுத் தயாரிப்பு 4ஜி, 700லும் 2100லும் ஓடுகிறது. சிம் மட்டும் இருந்தால் போதாது, அந்த அலையைப் பிடிக்கிற போனும் வேண்டும். போன் வாங்கும்போது பேண்டு 5, 8, 28 மூன்றும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 850க்கு 5, 900க்கு 8, 700க்கு 28. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் பெட்டியோடு வரும் தாளில் பார்க்கச் சொல்லுங்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதைவிட இது முக்கியம்.

5ஜி நகரத்துக்கு நல்லது. ஓடுகிற வண்டியில் அது வந்து வந்து போகும். போன் மாற்றி மாற்றித் தேடி பேட்டரியைத் தின்றுவிடும். லைனில் இருக்கும் வரை 4ஜியிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்டெப்னி இல்லாமல் எவனும் வண்டியை எடுப்பதில்லை. சிம்மும் அப்படித்தான், இரண்டு வேண்டும். இரண்டும் வேறு வேறு நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம் போட்டிருக்கிற பையன்களைப் பார்க்கிறேன். ஒரு கோபுரம் விழுந்தால் இரண்டும் சேர்ந்து விழும். ஒன்றில் தினசரி டேட்டாவோடு நல்ல பேக் போடுங்கள். இன்னொன்று உயிரோடு இருந்தால் போதும். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி பேக் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. இரண்டாவது சிம்முக்கு அது பொருத்தம். அந்த இரண்டாவதை ஒரு சாதாரணப் பட்டன் போனில் போட்டு டேஷ்போர்டில் வைத்தால் இன்னும் நல்லது, சார்ஜ் பல நாள் நிற்கும். ஒன்றைக் கவனியுங்கள்: ஜியோவுக்கு 2ஜி கிடையாது. பழைய 2ஜி பட்டன் போனில் அது வேலை செய்யாது. ஏர்டெல்லும் பிஎஸ்என்எல்லும் 2ஜியை இன்னும் வைத்திருக்கின்றன.

எங்கே எது எடுக்கும் என்று யாரைக் கேட்பது? நிறுவனங்கள் தங்கள் கவரேஜ் வரைபடத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்பது இப்போது டிராய் விதி. அதைப் பாருங்கள். ஆனால் போன வாரம் அந்த வழியில் வந்த டிரைவரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். வரைபடம் பச்சையாகக் காட்டுகிற மலையடிவாரத்தில் கரண்ட் போனால் கோபுரமும் அணைந்துவிடும். அது அங்கே ராத்தங்கியவருக்குத்தான் தெரியும். லாரி ஆபீசில் காத்திருக்கிற நேரத்தில் பேச்சு கொடுத்தால் யாரும் மறைக்க மாட்டார்கள். இந்தத் தொழிலில் அந்தத் தாராளம் இன்றும் இருக்கிறது.

காஷ்மீருக்கு ஆப்பிள் ஏற்றப் போகிறவர்களுக்கு ஒரு தனிச் சேதி. நம் ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. பதான்கோட் தாண்டி லக்கன்பூர் எல்லைக்குள் நுழைந்ததும் போன் ஊமையாகிவிடும். போஸ்ட்பெய்டு எண் வேலை செய்யும். ஆகவே இரண்டில் ஒன்றை ஊரிலேயே போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். ராம்பன் பக்கம் மண் சரிந்து சாலை மூடினால் காசிகுண்டில் லோடு வண்டிகள் நாள்கணக்கில் நிற்கும். அந்த நேரத்தில் வீட்டோடு பேச முடியாமல் இருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. வண்டியில் அழுகுகிற சரக்கு, வெளியே குளிர், வீட்டில் பதறுகிற பெண்பிள்ளைகள். மாதம் சில நூறு ரூபாய் கூடுதலாகப் போனாலும் போகட்டும்.

டேட்டாவை மட்டும் நம்பி வாழக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்வேன். 2024 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டத்தின்போது ஹரியானாவில் அம்பாலா, குருக்ஷேத்ரா உள்ளிட்ட ஏழு மாவட்டங்களில் மொபைல் இணையத்தை அரசு நிறுத்தியது. அதே 44ஆம் நெடுஞ்சாலைதான். பஞ்சாப் எல்லையில் உள்ள ஷம்புவில் சாலையும் மூடப்பட்டு அடுத்த ஆண்டு மார்ச்சில்தான் திறந்தது. இணையம் நிறுத்தப்பட்டால் எல்லா நிறுவனமும் ஒன்றுதான். வாட்ஸ்அப் அழைப்பு போகாது, ஜிபே போகாது. சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும்தான் மிஞ்சும். அதற்கான பேக் இருக்க வேண்டும், டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் கொஞ்சம் ரொக்கம் இருக்க வேண்டும், *99# அழுத்தி இணையம் இல்லாமல் பணம் அனுப்புகிற வழியைக் கிளம்பும் முன்னரே வங்கிக் கணக்கில் பழகி வைத்திருக்க வேண்டும்.

மேப்பும் அப்படியே. வண்டி எங்கே நிற்கிறது என்பதை ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து பிடிக்கிறது, அதற்கு இணையம் வேண்டாம். இணையம் வேண்டியது வரைபடத்தை இறக்கத்தான். வழியில் வருகிற மாநிலங்களின் வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் காட்டுக்குள் டேட்டா செத்தாலும் வழி தெரியும். ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டினால் செல்லும் என்பது சட்டம். ஆனால் சோதனைச் சாவடியில் சிக்னல் இல்லாதபோது அதைத் திறக்க முடியாமல் நிற்பதைவிட, முன்பே திறந்து போனில் சேமித்து வைப்பதும், நகல் ஒன்றைக் கேபினில் வைப்பதும் மேல்.

சரக்கோடு போகிற இ-வே பில்லுக்கும் சிக்னல் வேண்டும். அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும் என்பது கணக்கு. வழியில் வண்டி நின்றுவிட்டால் காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் மட்டுமே நீட்டிக்க முடியும். நீட்டிப்பது ஆபீஸ்காரர் வேலை. எங்கே, ஏன் நிற்கிறோம் என்று சொல்வது நம் வேலை. சிக்னல் இல்லாத தாபாவில் படுத்துத் தூங்கினால் விடிகிற நேரத்தில் அந்த எட்டு மணி நேரம் கடந்து போயிருக்கும். நேரம் நெருங்கும்போது கொஞ்சம் முன்னால் போய், சிக்னல் எடுக்கிற பங்கில் வண்டியைப் போடுங்கள்.

சிம் உங்கள் பெயரில், உங்கள் ஆதாரில் இருக்க வேண்டும். ஓனர் பெயரிலோ, கடைக்காரர் யார் பெயரிலோ எடுத்துக் கொடுத்ததாகவோ இருந்தால், வேலை மாறும்போது எண் போய்விடும். எண்ணோடு வங்கி ஓடிபியும் போய்விடும். இப்படி எண்ணைப் பறிகொடுத்து, தன் கணக்கில் இருந்த பணத்தைத் தானே எடுக்க முடியாமல் அலைந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனத்தை மாற்றலாம். 2015 ஜூலையிலிருந்து நாடு முழுவதற்கும் அந்த வசதி உண்டு. PORT என்பதற்குப் பின் எண்ணைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும், அதைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்து மாற வேண்டும். ஒரு நிறுவனத்தில் 90 நாள் இருந்த பிறகுதான் அடுத்ததற்கு மாற முடியும். ஆகவே லைனின் நடுவில் மாற்றாதீர்கள், ஊரில் இருக்கிற நாளில் மாற்றுங்கள்.

பேக் எடுப்பதில் பெரிய ரகசியம் இல்லை. தினம் ஒன்றரை ஜிபியோ இரண்டோ போதும். தீர்ந்தால் பல பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். அப்போதும் எழுத்துச் செய்தி போகும், லொகேஷன் போகும். தீர்வது பெரும்பாலும் படம் பார்ப்பதில்தான். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றியபோது பலர் பிஎஸ்என்எல்லுக்கு ஓடினார்கள். விலையைப் பார்த்துப் போவதில் தப்பில்லை, உங்கள் லைனின் மோசமான இடத்தில் அது எடுக்குமென்றால்.

இதையெல்லாம் யோசிக்கிறவர்கள்கூட ஒன்றை விட்டுவிடுகிறார்கள். பேச்சுக்கு இரண்டு முனை உண்டு. வண்டியில் இருக்கிற போனுக்கு மூவாயிரம் யோசனை. வீட்டில் இருக்கிற போனுக்கு ஒன்றும் இல்லை. சேந்தமங்கலம் தாண்டிக் கொல்லிமலை அடிவாரத்தில் வீடு இருந்தால், அந்த வீட்டுக்குள் எது எடுக்கிறது என்று பார்த்து வீட்டம்மாவுக்கு சிம் வாங்கிக் கொடுங்கள். குவாலியரில் நின்று நீங்கள் கூப்பிடுகிற நேரத்தில் அவர் சிக்னல் தேடி வாசலுக்கும் கிணற்றடிக்கும் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் நல்ல சிம்மால் என்ன பயன்? அவர் போனுக்கு ரீசார்ஜ் தீர்கிற நாளும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் ஓட்டிய காலத்தில் எஸ்டிடி பூத்தில் வரிசையில் நின்று நாமக்கல் லாரி ஆபீசுக்குப் பேசுவோம். "நாக்பூர் வந்துட்டான்" என்று ஆபீஸ் பையன் வீட்டுக்குப் போய்ச் சொல்வான். அடுத்த சேதிக்கு நாலைந்து நாள் ஆகும், அதுவரை வீட்டில் பயப்பட மாட்டார்கள். அப்படித்தான் என்று தெரியும். இன்று இரண்டு மணி நேரம் போன் எடுக்காவிட்டால் வீடு கலங்கிவிடுகிறது. கலங்கியவர் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார். டிரைவர் ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு எடுக்கிறான். முன்பு பக்கத்தில் கிளீனர் இருந்தான், பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தது. இப்போது பல வண்டிகளில் தனி ஆள். தனிமை போனை எடுக்க வைக்கிறது. எனக்கு அது புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், வண்டி ஓடும்போது கையில் போன் வேண்டாம். முப்பது டன் சரக்கோடு இறக்கத்தில் வருகிறவனுக்கு ஒரு நொடிப் பிசகு போதும்.

அதனால் கிளம்பும் முன் வீட்டோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். எந்த எந்த இடத்தில் சிக்னல் இருக்காது, அதைத் தாண்ட ஏறத்தாழ எத்தனை மணி நேரம் ஆகும், எந்த நேரத்தில் நீங்களே வண்டியை ஓரங்கட்டிக் கூப்பிடுவீர்கள் என்று சொல்லிவிடுங்கள். காட்டுக்குள் நுழையும் முன் ஒரு எஸ்எம்எஸ், வெளியே வந்ததும் ஒன்று. வீட்டு எண், ஓனர் எண், சக டிரைவர் ஒருவர் எண் மூன்றையும், நெடுஞ்சாலை உதவிக்கான 1033ஐயும் அவசர உதவிக்கான 112ஐயும் ஒரு தாளில் எழுதிக் கேபினில் ஒட்டி வையுங்கள். உங்கள் சிம் எடுக்காத இடத்தில் வேறு நிறுவனத்தின் கோபுரம் இருந்தால் 112 போகும். போன் உடைந்து கிடந்தால், உங்களைத் தூக்குகிறவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் வீட்டுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். எண்களைப் பெரிதாக, தமிழிலும் இந்தியிலும் பெயர் போட்டு எழுதுங்கள்.