குழிப் பாசியின் சத்து எங்கிருந்து வந்தது?

நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் லீக்ஸ், கரட், கோவா போடும் மரக்கறித் தோட்டங்களின் பள்ளத்தில் பெரும்பாலும் ஒரு தண்ணீர்க் குழி இருக்கும். மழைநீரும் ஊற்றுநீரும் அதில் சேரும். பாத்திகளுக்கு அங்கிருந்துதான் நீர் இறைப்பார்கள். சில நாள் நல்ல வெயில் அடித்தால் குழி முழுக்கப் பச்சைப் பாசி படர்ந்துவிடும். பலரும் அதை வாரிக் கரையில் எறிவார்கள். எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர் மட்டும் முள்ளால் அள்ளிக் கூட்டெருக் குழியில் போடுவார். "இதுவும் பசளைதான் தம்பி. எங்க அப்பா காலத்துலயே போட்டதுதான்" என்பார்.

2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. ஒரு மூட்டை யூரியாவுக்காக மலையகமே அலைந்த அந்த மாதங்களில் பெரியவரின் பேச்சு என்னை விடவில்லை. பாசி உண்மையிலேயே பசளையா? அதை ஆராய்ந்து சொன்னவர்கள் யார்? பழைய ஆய்வுகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

தேடல் முதலில் இலங்கைக்கே வந்து நின்றது. பிரித்தானியத் தாவரவியலாளர் எஃப். ஈ. ஃபிரிட்ஷ் இங்குள்ள நன்னீர்ப் பாசிகளை ஆராய்ந்து, 1907இல் லண்டன் ரோயல் சங்கத்தின் இதழில் நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். வெப்ப நாடுகளில் நீலப்பச்சைப் பாசிகள் மிகுந்திருப்பது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதே ஃபிரிட்ஷ் 1938இல் பி. கே. டே என்ற இந்திய ஆய்வாளருடன் சேர்ந்து, அந்தப் பாசிகள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் சத்தாக மாற்றுவதை 'நேச்சர்' இதழில் எழுதினார். எருவே காணாத நெல்வயல்கள் வளம் குன்றாமல் இருப்பதில் இப்பாசிகளுக்குப் பெரும் பங்குண்டு என்று அடுத்த ஆண்டு டே விரிவாக விளக்கினார்.

1980இல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் நீலப்பச்சைப் பாசியையும் நெல்லையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டது. அதை எழுதிய இருவரில் ஒருவர் எஸ். ஏ. குலசூரிய, பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். தமிழ்நாட்டில் இன்றும் நடவுக்குப் பத்து நாள் கழித்து ஹெக்டேயருக்கு 10 கிலோ பாசி உரம் தூவச் சொல்கிறார்கள்.

ஆனால் அது நெல்வயலின் கதை. அந்தப் பாசிகளுக்குத் தேங்கிய நீரும் புளிப்பில்லாத மண்ணும் வேண்டும். தேயிலை வளரும் நமது மலைமண்ணோ புளிப்பானது. பெரியவரின் குழியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். வழுவழுப்பான, முடிபோல் நீண்ட பச்சை இழைகள். இது ஸ்பைரோகைரா இனத்துப் பச்சைப் பாசி. காற்றிலிருந்து நைதரசனை எடுக்கும் திறன் இதற்கு இல்லை.

அப்படியானால் இதன் சத்து எங்கிருந்து வந்தது? விடை குழிக்கு மேலேயே இருந்தது. சரிவெங்கும் பாத்திகள். அவற்றில் யூரியா, கோழியெரு, மாட்டெரு. ஒரு பெருமழை பெய்தால் அவற்றில் ஒரு பங்கு கரைந்தும் மண்ணோடு அரித்தும் பள்ளத்துக்கு வந்துவிடும். அதை உண்டுதான் பாசி கொழுக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பசளை, பயிருக்குப் போய்ச் சேராமல் பாசியாகியிருக்கிறது.

குழியில் தங்காதது ஓடையில் இறங்கி ஆற்றுக்குப் போகிறது. நுவரெலியாப் பக்கத்து நீர் போய்ச் சேரும் கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இல் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி திரண்டு பெருகியது. ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடிய இனம் அது. நமது பாத்திகளில் மிஞ்சும் பசளை கீழே வாழ்பவர்களின் தண்ணீரையும் தொடுகிறது.

ஆகவே பெரியவர் செய்வது சரியான வேலை. ஓடிப்போகவிருந்த சத்தைப் பிடித்து மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கிறார். அவர் செய்யும் முறையும் ஆய்வோடு ஒத்துப்போகிறது. வாரிய பாசியைக் கரையில் போட்டு ஒரு நாள் நீர் வடிய விடுகிறார். பிறகு காய்ந்த இலை, மானாப்புல் ஆகியவற்றோடு மாற்றி மாற்றி அடுக்குகிறார். பாசியில் நைதரசன் அதிகம், காபன் குறைவு. காய்ந்த சருகில் காபன்தான் அதிகம். கூட்டெருவுக்கு ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் வேண்டும். பாசியைத் தனியே குவித்தால் காற்றுப் புகாமல் அழுகி நாறும். கந்தப்பளைக் குளிரில் மக்குவதற்கு நாளாகும் என்பதால் இடையிடையே புரட்டிவிட வேண்டும்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. நூலாக இல்லாமல் பச்சைப் பெயின்ற் ஊற்றியதுபோல் நீரில் மிதக்கும் படலத்தைத் தொடாதீர்கள்; அது மேலே சொன்ன நச்சுப் பாசியாக இருக்கலாம். அந்த நீரை மரக்கறிக்கும் இறைக்காதீர்கள். மலசலகூடக் கழிவு கலக்கும் குழியின் பாசியும் வேண்டாம்.

குழியில் பாசி அடர்ந்து வருகிறது என்றால் மேலே போடும் பசளை வீணாகிறது என்று அர்த்தம். பாசியை வாரிக் கூட்டெருவில் சேருங்கள். அதோடு நின்றுவிடாமல், அடுத்த போகத்தில் பசளையின் அளவையும் குறைத்துப் பாருங்கள்.