ஐந்து வெள்ளி சிடியில் ஒரு வல்லவன்

2006இல் யோகி பி - நட்சத்திராவின் 'வல்லவன்' வந்தபோது எனக்கு ஒன்பது வயது. பிறையில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே யாராவது ஒரு அண்ணனின் காடியில் அது ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தது பாசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய திருட்டு சிடி. ஆல்பம் முழுவதையும் உட்கார்ந்து கேட்டது, பல வருஷம் கழித்து நிபோங் திபாலில் இன்ஜினியரிங் படித்தபோதுதான்.

யோகி பி அப்போது புதுமுகம் இல்லை. அவர் இருந்த 'பொயட்டிக் அம்மோ' குழு 1998இலேயே ஆல்பம் போட்டுவிட்டது. ஆங்கிலம், மலாய், கந்தோனீஸ், கூடவே தமிழ். நாலு பேர் ஒரே மேசையில் மீ கோரெங் சாப்பிடுகிற மாதிரியான மலேசியா அது. ஆனால் அந்த மேசையில் தமிழுக்கு ஓரத்து நாற்காலிதான். டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்ற இருவரைச் சேர்த்துக்கொண்டு அவர் செய்த 'வல்லவன்' அந்த நாற்காலியை நடுவுக்கு இழுத்துப் போட்டது. தமிழ்நாட்டில் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம் வந்தது 2012இல். ஆறு வருஷ இடைவெளி. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் வரும், வரட்டும்.

அந்தத் தலைப்பே எங்களுக்குப் பெரிய விஷயம். தோட்டத்திலிருந்து ஃபிளாட்டுக்கு வந்த குடும்பங்களின் பையன்களைப் பற்றிச் செய்தியில் என்ன வரும்? குண்டர் கும்பல் என்று வரும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று தமிழ்ப்பள்ளியில் பார்த்து எழுதியிருக்கிறோம். வாயும் ஆயுதம்தான் என்று இந்த ஆல்பத்தில்தான் கேட்டோம்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. எல்லாருக்கும் தெரிந்த பாட்டு 'மடை திறந்து'. அது இளையராஜாவின் மெட்டு, 'நிழல்கள்' படத்துக்காக 1980இல் போட்டது. வாய்ப்புத் தேடும் இசைக்கலைஞன் ஒருவன் காணும் கனவு அந்தப் பாட்டு. அதைக் கோலாலம்பூரில் ராப் செய்தவர்கள் கோடம்பாக்கத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். 'பொல்லாதவன்', 'ஆடுகளம்', 'விவேகம்' என்று யோகி பியின் குரல் சினிமாவில் தொடர்ந்தது.

எங்கள் ஃபேக்டரியில் தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். நைட் ஷிஃப்ட் பிரேக்கில் இந்தப் பாட்டைப் போட்டேன். "நம்ம ஊரு பாட்டு, சூப்பர்ல?" என்றார். "இல்லண்ணே, இது எங்க ஊரு" என்றேன். "சும்மா இருங்க பாஸ், சென்னைக்காரர்தான்" என்று அடித்துச் சொன்னார். கூகுள் செய்து காட்டிய பிறகுதான் நம்பினார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. மெட்டு அவர்களுடையது. பாட்டில் வரும் தமிழும் மேடைத் தமிழுக்குப் பக்கத்தில் நிற்பது. நாங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே பேசுவது வேறு. மலாய் பாதி கலந்தது, கோபம் வந்தால் ஹொக்கியனும் சேர்ந்துகொள்ளும். சமோவா வம்சாவளியில் நியூசிலாந்தில் பிறந்த கிங் கப்பீசி 2000இல் 'சாவேஜ் தாட்ஸ்' என்ற முதல் ஆல்பத்தை வெளியிட்டார். ஆங்கிலத்துக்கு நடுவில் தன் மொழியைக் கூச்சமில்லாமல் போடுகிற ஆள். சமோவாக்காரர்களும் எங்களைப் போல வேலைக்காகக் கடல் தாண்டிய குடும்பங்கள்தான். ஆனால் அவரைக் கேட்டு வேறு ஊர்க்காரர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

யோகி பி ஏன் அப்படிப் போகவில்லை என்று நானும் கொஞ்சநாள் எரிச்சல்பட்டேன். இப்போது கேட்கும்போது காரணம் புரிகிற மாதிரி இருக்கிறது. 'உங்கள் தமிழ் தமிழே இல்லை' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த ஊர் இது. முதலில் நல்ல தமிழில் அடித்துக் காட்டணும் என்றுதான் தோன்றும். எனக்கும் அந்த வியாதி உண்டு. இந்தக் கட்டுரையில் 'கார்' என்று எழுதலாமா, 'காடி' என்று எழுதலாமா என்று பத்து நிமிஷம் யோசித்தேன்.

இருந்தாலும், 'மடை திறந்து'வில் எங்கேயாவது ஒரே ஒரு 'லா' விழுந்திருக்கலாம்.