அப்பாவின் ரெட்டைக்குழல்

போன மாதம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர் கையில துப்பாக்கியா!" என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். "பிரம்பே போதும் டீச்சர், எங்களுக்கு அந்தப் பயமே இன்னும் போகல" என்று ஒருவன் எழுதியிருந்தான். (யாரென்று தெரியும். 1991ஆம் வருடம், கடைசி வரிசை.) தனித்தனியாகப் பதில் எழுத விரலில் தெம்பில்லை. இங்கே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது என் தாத்தா 1938இல் மவுண்ட் ரோட்டில் வாங்கிய ரெட்டைக்குழல் துப்பாக்கி. இங்கிலாந்தில் பர்மிங்காமில் செய்தது. லைசன்ஸ் புத்தகத்தில் 'டி.பி.பி.எல்., 12 போர்' என்று இருக்கும். அந்தக் காலத்தில் மார்கழி, தை மாதங்களில் செம்பரம்பாக்கம் ஏரியில் கிளுவையும் சிறவியும் உள்ளானும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குமாம். தாத்தாவும் அவருடைய சிநேகிதர்களும் விடியற்காலையில் கரையில் போய் உட்காருவார்கள். பெரிய வீட்டு ஆண்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தோடு வேட்டை என்பதே அடியோடு நின்றது. ஆனால் எங்கள் வீட்டுத் துப்பாக்கி அதற்கெல்லாம் வெகு முன்பே வாய் மூடிவிட்டது. அது வெடித்து நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எனக்கு நினைவு தெரிந்து அதற்கு இருந்த ஒரே பயணம் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான். தேர்தல் அறிவித்துவிட்டால் லைசன்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அப்பா அதைப் பழைய வேட்டியில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போவார். முன்னால் பாரில் நான். தேர்தல் முடிந்தால் அதே வேட்டி, அதே சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எண்ணெய் போட்டுத் துடைப்பார். ஆனால் ஒரு தோட்டா வாங்கியதில்லை. இதை ஏன் வைத்திருக்கிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் ஆட்டுக்கல் ஏன் இருக்கிறது என்று யாராவது கேட்பார்களா?

2021இல் அப்பா போய்விட்டார். லைசன்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, தாமதமில்லாமல் ஸ்டேஷனிலோ லைசன்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 1959 ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நாங்கள் கடையில் ஒப்படைத்தோம். (உறவுகளில் இன்னும் இரண்டு வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பதால் சொல்கிறேன். 2016 விதிகளின்படி லைசன்ஸ்காரருக்கு 70 வயது ஆனாலோ, 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றித்தர விண்ணப்பிக்கலாம். செய்துவிடுங்கள். பிறகு அலைய வேண்டாம்.)

அப்பா கடைசியில் என்னைத்தான் சொன்னார். தம்பியை இல்லை. "நீ வச்சுக்க. நீ சுடமாட்ட." அவ்வளவுதான் சொன்னார். எனவே நானே விண்ணப்பித்தேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, எனக்கு மனநலம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சான்று. முப்பத்து நான்கு வருடம் ஒன்றாம் வகுப்பு நடத்தியவளுக்கு அப்படி ஒரு சான்று கிடைத்ததே பெரிய விஷயம்! விசாரணைக்கு வந்தவர், "பையனுக்கா மேடம்?" என்று மூன்று தடவை கேட்டார். எனக்குத்தான் என்று மூன்று தடவையும் சொன்னேன்.

மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித்தர வேண்டும். தம்பியும் தங்கையும் உடனே கையெழுத்துப் போட்டார்கள். அம்மா போடவில்லை. நாலு மாதம் அந்தத் தாள் அவர் தலையணைக்கு அடியிலேயே கிடந்தது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. ஒருநாள் காலையில் தானே கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "உங்கப்பா சொன்னாருன்னுதான்" என்றார்.

லைசன்ஸ் வந்து துப்பாக்கியைக் கையில் வாங்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா கண்ணாடி மாதிரி வைத்திருந்த குழலில் செம்மண் பூசியதுபோலத் துரு. போதாததற்கு என் தம்பி 1985இல் ஆர்வக்கோளாறில் கட்டைக்கு வார்னிஷ் அடித்திருந்தான், அது செதில் செதிலாக உரிந்திருந்தது. பழுது பார்ப்பதற்கும் லைசன்ஸ் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். அப்படி ஒரு வயதான மிஸ்திரி கிடைத்தார். நான்கு சனிக்கிழமை ஆவடியிலிருந்து ரயிலேறிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டீச்சர் புத்தி, யார் என்ன வேலை செய்தாலும் கற்றுக்கொள்ள வேண்டும்.

குழலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, "பாருங்கம்மா" என்றார். உள்ளே வளையம் வளையமாக ஒளி. வளையம் உடையாமல் முழுசாக இருந்தால் குழல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். வலதுபக்கம் சுத்தம். இடதுபக்கம் நடுவில் துருக்குழிகள். குழலுக்கு அடியில் கிரீடம் போட்ட சின்னச் சின்ன முத்திரைகள், பர்மிங்காமில் அழுத்தம் கொடுத்துச் சோதித்ததற்கு அடையாளம். தோட்டா உட்காரும் இடம் இரண்டரை அங்குலம், பழைய அளவு. இன்று வரும் நீளத் தோட்டாவைப் போட்டால் ஆபத்து என்றார். நான் எந்தத் தோட்டாவும் போடப்போவதில்லை என்றேன். சிரித்தார்.

வார்னிஷை உரித்தார். உள்ளேயிருந்து வால்நட் மரத்தின் ரேகை வந்தது, ஆற்றுத் தண்ணீர் ஓடுவது மாதிரி. ஆளிவிதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு உள்ளங்கையாலேயே தேய்க்கச் சொன்னார். துணி கூடாது. கையின் சூடுதான் மரத்துக்குள் எண்ணெயை இறக்குமாம்.

கட்டையின் கழுத்தில் ஒரு பித்தளைப் பட்டை உண்டு. உறவுகள் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். தாத்தா திருத்தணிப் பக்கம் வேட்டைக்குப் போனபோது, தோட்டா தீர்ந்து, பாய்ந்து வந்த காட்டுப்பன்றியைக் கட்டையாலேயே அடித்துக் கொன்றார், அதில் உடைந்தது என்று எல்லாக் கல்யாணத்திலும் சொல்வோம். நானும் மிஸ்திரியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பட்டையைக் கழற்றி உடைசலைத் தடவிப் பார்த்தார். அடிப்பக்கம் நசுங்கியிருந்த இடத்தில் ஊசியால் நோண்டினார். கருங்கல் துணுக்கு வந்தது. "பன்னி இல்லம்மா. யாரோ கோவத்துல கல்லு மேல ஓங்கி அடிச்சிருக்காங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். இந்த முறை சொன்னார்.

1959, மார்கழி. நான் அம்மா வயிற்றில். அப்பாவுக்கு 23 வயது. தாத்தாவுடன் ஏரிக்குப் போயிருக்கிறார். விழுந்த பறவையை எடுத்துவர காலனியிலிருந்து ஒரு பையன் கூட வருவான், 11 வயது. அவன் கோரைக்குள் இறங்கிவிட்டதைப் பார்க்காமல் அப்பா இரண்டாவது குழலையும் சுட்டுவிட்டார். ஈயக்குண்டு கண்ணில். மாட்டுவண்டியில் பூந்தமல்லி, அங்கிருந்து எழும்பூர் கண் ஆஸ்பத்திரி. போய்ச் சேரும்போது ராத்திரி. "ஒரு கண்ணு போயிடுச்சி. உங்க தாத்தா, உங்கப்பாவ அடிக்கக் கை ஓங்கினவரு, அதைத் தூக்கி மதகுக் கல்லு மேல அடிச்சாரு." கேஸ்? "அந்தக் காலத்துல யாரு நம்ம மேல கேஸ் குடுப்பாங்க?" என்றார் அம்மா. தாத்தாவுக்குப் பிறகு அப்பா அதைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டதே வேறு யார் கைக்கும் போகக்கூடாது என்றுதானாம்.

அந்தப் பையனை எனக்குத் தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் பின்வாசலில் நின்று அரிசியும் வேட்டியும் வாங்கிப்போவார். கண்ணுக்கு என்ன என்று சின்ன வயதில் கேட்டபோது "அம்மை போட்டது" என்றார்கள். என்னைவிடப் பதினோரு வயது பெரியவர். நான் அவரைப் பேர் சொல்லி, 'வா, போ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் 2009இல் இறந்தபோது நான் போகவில்லை. பள்ளியில் ஆய்வு என்று ஏதோ காரணம்.

அவர் பேத்தி என்னிடம் படித்தவள். உங்களில் பலருக்கு வகுப்புத் தோழி. இரண்டு வாரம் யோசித்து அவளுக்குப் போன் செய்தேன். எப்படியோ திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும் டீச்சர். உங்களுக்கும் தெரியும்னுதான் நெனச்சிட்டிருந்தோம்" என்றாள்.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க, தாத்தா பேரு மட்டும் வேணாம்" என்றாள். உறவுகளுக்கு ஒன்று. பிள்ளைகளிடம் இனிமேல் பன்றிக் கதை வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். முன்வாசல் வழியாகத்தான். அம்மா தானே எழுந்து காபி கலந்து கொடுத்தார். அவள் துப்பாக்கியைப் பார்க்கவேண்டும் என்றாள். பூட்டைத் திறந்து, குழலை மடக்கிக் காலி என்று காட்டிவிட்டு, கையில் கொடுத்தேன். மிஸ்திரி பித்தளைப் பட்டையைத் திரும்பவும் அதே இடத்தில் போட்டிருக்கிறார். அவள் அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இவ்ளோ கனமா இருக்கே டீச்சர். எத்தன கிலோ?"

"மூணு இருக்கும்மா" என்றேன்.